ஆடுகளையும் கறவை மாட்டையும் வேறு மாவட்டத்துக்கு விற்று அனுப்ப என்னென்ன தாள்கள் வேண்டும்?

கேள்வி: கொடியாட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஆடுகளை வாரச் சந்தைக்கு ஓட்டிப்போய்த் தரகர் மூலம் விற்றதோடு சரி. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய விலை, கையில் பணம், சந்தை வாசலில் ஒரு சுங்கச் சீட்டு. அதற்கு மேல் தாள் என்று எதையும் பார்த்ததில்லை.

இப்போது வேறு மாவட்டத்தில் புதிதாகப் பண்ணை தொடங்கும் ஒருவர் 24 பெட்டை ஆடுகளும் 2 கிடாக்களும் கேட்கிறார். கூடவே ஒரு கறவைப் பசுவும் அதன் கிடாரிக் கன்றும் வேண்டுமாம். கொண்டுபோய் இறக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஏழு மணி நேரப் பயணம். வெயிலுக்குப் பயந்து இரவில் புறப்படலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவரின் மினி லாரி இருக்கிறது. கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் ஒரே நடையில் முடிந்துவிடும்.

வழியில் நிறுத்திக் கேட்டால் எதைக் காட்டுவது? மொத்தத் தொகை மூன்று லட்சத்தைத் தாண்டும். முழுவதையும் ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? பசுவுக்குப் போன வாரம் மடிவீக்கத்துக்கு ஊசி போட்டோம். இப்போது நன்றாக இருக்கிறது. பெட்டைகளில் இரண்டு நிறைசினை. மனைவி வீட்டில் உருக்கிய நெய்யைத் தெரிந்தவர்களுக்கு விற்கிறாள். அதற்கும் ஏதாவது கணக்கு வைக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சந்தைவாசி

தம்பி, வீணாகப் பயப்படாதீர்கள். மீசை முளைத்த நாளிலிருந்து நான் ஆட்டு வியாபாரம்தான் செய்கிறேன். சுங்கச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் போதும். யாராவது நிறுத்தினால் அதைக் காட்டி, இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசினால் விட்டுவிடுவார்கள். டாக்டர் சான்றிதழ், அது இதென்று அலைந்தால் ஆடு இளைத்துவிடும். ரொக்கம்தான் நல்லது. வங்கியில் போட்டால் நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும்.

பதில்: மருந்தகத்து வாசல்

சந்தைவாசி அண்ணனின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சுங்கச் சீட்டு என்பது சந்தைக் குத்தகைதாரருக்கு நீங்கள் கட்டணம் கட்டியதற்கான ரசீது. ஆடு உங்களுடையது என்றோ, நோயற்றது என்றோ, பயணம் தாங்கும் என்றோ அந்தச் சீட்டு சொல்லாது. அதிலும் நம் தம்பி விற்பது சந்தையில் இல்லை, பட்டியிலிருந்து நேராக. அந்தச் சீட்டுகூட அவருக்குக் கிடைக்காது.

நான் கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன். சான்றிதழ் கேட்டு வாசலில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன், சான்றிதழ் இல்லாமல் மாட்டிக்கொண்டு நடு இரவில் போன் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. தாளைப் பற்றிக் கேட்டவருக்கு வண்டியைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். சாலையில் நிறுத்துபவர் முதலில் பார்ப்பது வண்டியின் பின்புறத்தைத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-இ என்று ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு விலங்குக்கும் நிலையான தடுப்பு இருக்க வேண்டும். பசு, எருமைக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. இதற்கென வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனி உரிமமும் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் மினி லாரியின் தளம் ஏழடிக்கு நாலரை அடி என்று வைத்துக்கொண்டால் மூன்று சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கணக்குப்படி அதில் 9 ஆடுகள் நிற்கலாம், அல்லது ஒரே ஒரு பசு. நீங்களோ 26 ஆடுகளையும் பசுவையும் கன்றையும் நெருக்கிப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். உலகத்திலுள்ள அத்தனை சான்றிதழும் கையில் இருந்தாலும் அந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத்தான் செய்யும். உரிமம் உள்ள, தடுப்புப் போட்ட பெரிய வண்டியாகப் பிடியுங்கள். அந்த உரிமத்தின் நகலை ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி உங்கள் தாள்களோடு வையுங்கள்.

இனி தாள். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-இல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள்தான் இதற்கு அடிப்படை. ஆடுகளை ஆறு மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோவதானால், பயணத்துக்குத் தகுதியானவை, தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இல்லாதவை என்று தகுதி பெற்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வண்டியோடு போக வேண்டும். உங்கள் பயணம் ஏழு மணி நேரம், ஆகவே தப்ப முடியாது. பசுவுக்கும் தனியாக அதே போன்ற சான்றிதழ். சான்றிதழ் இல்லையென்றால் வண்டிக்காரர் ஏற்ற மறுக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. பொறுப்பு அவருக்கும் உண்டு.

அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஏற்றியிருக்கும் விலங்குகளின் வகை, எண்ணிக்கை, உடன் வைத்திருக்கும் தீவனத்தின் அளவு ஆகியவற்றைத் தடித்த சிவப்பு எழுத்தில் எழுதிய சீட்டும் வேண்டும். இதை யாருமே செய்வதில்லை. ஒரு அட்டை, ஒரு சிவப்புப் பேனா, ஐந்து நிமிட வேலை. நிறுத்துபவருக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதலுதவிப் பொருட்களும் வண்டியில் இருக்க வேண்டும்.

இதே விதிகளில் 2001-இல் சேர்த்த 96-ஆம் விதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எந்த விலங்கை ஏற்றுவதானாலும், சட்டங்கள் எல்லாவற்றையும் கடைப்பிடித்திருக்கிறோம், சட்டத்துக்குப் புறம்பான நோக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை என்பதற்கு இந்திய விலங்குகள் நல வாரியமோ மத்திய அரசோ அதிகாரம் அளித்த அலுவலர், நபர் அல்லது அமைப்பிடம் ஒரு சான்றிதழ் பெற வேண்டும். உடல்தகுதிச் சான்றிதழ் வேறு, இது வேறு. உங்கள் மாவட்டத்தில் இதைக் கொடுப்பவர் யார் என்று மருந்தகத்திலேயே கேளுங்கள்.

நிறைசினை ஆடுகள் இரண்டையும் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். வழியில் ஈனக்கூடிய நிலையில் உள்ளதையும், ஈன்று 72 மணி நேரம் ஆகாததையும் ஏற்றவே கூடாது. நல்ல மருத்துவராக இருந்தால் அவற்றுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். சினை ஆடுகளையும் சிறு குட்டிகளையும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது; கிடாக்களைப் பெட்டைகளோடு ஒரே தடுப்பில் விடக் கூடாது; மாடும் ஆடும் ஒரே தடுப்பில் கூடாது.

அபராதம் எவ்வளவு என்று கேட்பீர்கள். சிரிக்காதீர்கள்: 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்திட்ட சட்டம் இது. அந்தக் காலத்து 50 ரூபாய் இன்றுவரை அப்படியே நிற்கிறது. 50 ரூபாய்தானே என்று துணிந்து இறங்குபவர்களுக்கு இன்னொரு செலவு தெரிவதில்லை. வழக்கு முடியும் வரை பிடிபட்ட விலங்குகளைக் கோசாலையிலோ காப்பகத்திலோ வைத்துப் பராமரிக்க 2017-இல் வந்த விதிகள் வழி செய்கின்றன. ஏற்றிச்சென்ற கூலி, தீவனம், வைத்தியம் எல்லாம் உரிமையாளர் தலையில். கறவை மாடு அங்கே நிற்கும்; பால் வற்றும்; செலவுக் கணக்கு மட்டும் நாள்தோறும் ஏறும். நடு இரவில் எனக்கு வந்த போன்கள் எல்லாம் இதற்காகத்தான், 50 ரூபாய்க்காக யாரும் அழைத்ததில்லை.

அதே 2017 மே 23 அன்று வெளியான கால்நடைச் சந்தை விதிகளின் நகலைச் சிலர் இன்னும் கைப்பேசியில் சுற்ற விடுகிறார்கள். அதற்கு மே 30 அன்றே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்து விற்பனைச் சீட்டு. இதற்கென அச்சடித்த படிவம் எதுவும் தேவையில்லை. வெள்ளைத் தாளில் இப்படி எழுதினால் போதும்: "இன்ன ஊர், இன்னாராகிய நான், கீழ்க்கண்ட அடையாளமுள்ள கறவைப் பசு ஒன்றையும் அதன் கிடாரிக் கன்றையும் இன்னாருக்குப் பண்ணையில் வளர்ப்பதற்காக இன்ன தேதியில் இன்ன தொகைக்கு விற்றேன். பசுவின் காதுவில்லை எண் இது. நிறம் செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை, இடக்கொம்பு நுனி மழுங்கியது, இரண்டாம் ஈற்று. கடைசியாகக் கோமாரித் தடுப்பூசி போட்ட தேதி இது. கடைசியாகக் கொடுத்த மருந்து இது, தேதி இது." இருவர் கையெழுத்து, இரண்டு பிரதி. 'வளர்ப்பதற்காக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தடுத்து நிறுத்தும்போது எழும் முதல் கேள்வியே எதற்குக் கொண்டுபோகிறாய் என்பதுதான்.

காதுவில்லை எண்ணை நினைவிலிருந்து எழுத வேண்டாம். 12 இலக்கம். வில்லையில் சாணமும் தூசும் காதழுக்கும் படிந்து 3-ம் 8-ம் ஒன்று போலத் தெரியும். ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத வேண்டும். பிறகு கைப்பேசியில் காதோடு சேர்த்து ஒரு படம். சான்றிதழில் ஓர் எண், சீட்டில் ஓர் எண், மாட்டின் காதில் ஓர் எண் என்று மூன்று விதமாக இருந்தால் தாளே இல்லாமல் போவதைவிட மோசம். வில்லை இல்லாத ஆடுகளுக்கு நிறம், மறை, கொம்பு, பல், இவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போன வாரம் போட்ட ஊசி. மருந்துக் குப்பியின் மேலேயே விலக்கு காலம் அச்சிட்டிருக்கும். அத்தனை நாட்கள் பாலையோ இறைச்சியையோ உணவுக்கு விடக் கூடாது. உற்பத்தியாளர் குறிப்பிடாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாட்கள், இறைச்சிக்கு 28 நாட்கள் என்று 2012-இல் மருந்து விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். வாங்குபவர் நாளைக்கே பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுவார். ஊசி போட்ட தேதியும் மருந்தின் பெயரும் அவர் கைக்குப் போகவில்லையென்றால் அவர் குற்றவாளியாகிறார், நீங்கள் காரணமாகிறீர்கள்.

பதில்: கறவைக்காரி

டாக்டர் ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாட்டை விற்றதோடு காதுவில்லை வேலை முடிவதில்லை. அந்த எண் அரசின் 'பாரத் பசுதன்' கணினிப் பதிவில் உங்கள் பெயரில் இருக்கும். மருந்தகத்தில் சொல்லி உரிமையாளர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் மாட்டை விற்றுப் பெயரை மாற்றாமலே விட்டுவிட்டார். வாங்கியவர் தடுப்பூசி போடப் போனபோது, இது வேறு மாவட்டத்து ஆளின் மாடு அல்லவா என்று கேட்டிருக்கிறார்கள். திருட்டு மாடு என்று சந்தேகப்பட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். விற்றவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வில்லை விழுந்துவிட்டால் உடனே மறுவில்லை போட்டுப் பழைய எண்ணோடு சேர்த்துப் பதியச் சொல்ல வேண்டும். காப்பீடு எடுத்திருந்தால் இன்னும் முக்கியம். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பதுதான் காப்பீட்டுக்காரர்களின் சட்டம். மாட்டை விற்றதும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

நெய் விஷயம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. விவசாயி தன் பண்ணையில் விளைவிப்பதையும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. ஆனால் வெண்ணெய் எடுத்து, உருக்கி, பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினால் அது உணவு வணிகம். உங்கள் மனைவி பதிவு எடுத்தாக வேண்டும். நான் இணையம் வழியாகத்தான் எடுத்தேன்; பெரிய சிரமம் ஒன்றுமில்லை. 14 இலக்க எண் கிடைக்கும், அதை ரசீதில் குறிப்பிட வேண்டும். கடைக்காரருக்குக் கொடுத்தால் ரசீது போட்டே கொடுங்கள். சரக்குக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ரசீதே உத்தரவாதமாகக் கணக்கில் கொள்ளப்படும். நான் ஒரு நோட்டில் உருக்கிய தேதி, எந்த நாள் பால், எத்தனை பாட்டில், யாருக்குப் போனது என்று எழுதுகிறேன். ஒரு பாட்டிலில் வாடை என்று புகார் வந்தால் எந்த நாள் உருக்கியது என்று பார்த்து அந்தப் பாட்டில்களை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நோட்டு இல்லையென்றால் எல்லோரிடமும் போய் நிற்க வேண்டியதுதான்.

பதில்: சந்தைவாசி

டாக்டர் ஐயா சொல்வதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. மருந்தகத்தில் டாக்டர் இருக்கும் நாளைப் பார்த்துப் போவதற்குள் வாரச் சந்தையே முடிந்துவிடுகிறது. அதையும் எழுதுங்கள் ஐயா. ரொக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: மருந்தகத்து வாசல்

நியாயமான குறை. ஒரு மருத்துவர் இரண்டு மூன்று மருந்தகங்களைச் சேர்த்துப் பார்க்கும் நிலை என் காலத்திலும் இருந்தது. அதனால்தான் வியாபாரம் முடிவானதும் முதல் வேலையாக மருந்தகத்துக்குப் போய் நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். விலங்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஆளைத் தேடாதீர்கள். அந்தத் தாள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது சோதனைச் சாவடியில் இருப்பவருக்கும் தெரியும்.

ரொக்கம். வருமான வரிச் சட்டப்படி ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே விற்பனைக்காக, ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம்; அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். அச்சாரத்தை மட்டும் ரொக்கமாக வாங்கி, மீதியை வங்கி வழியாக வாங்குங்கள். வங்கியில் கேள்வி வந்தால் விற்பனைச் சீட்டைக் காட்டலாம். இன்னொன்று: மாடு, ஆடு, கோழி உயிரோடு விற்பதற்கு ஜிஎஸ்டி இல்லை, ஆகவே சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் தேவையில்லை. அதைக் கேட்டு யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் பால்மாடு, ஆடு வளர்ப்பில் வரும் வருமானம் வரிச் சட்டத்தின் கண்ணில் வேளாண் வருமானம் அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

கேட்டவர்: கொடியாட்டுக்காரன்

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. வாங்குபவரிடம் பேசிவிட்டேன். நிறைசினை ஆடுகள் குட்டி ஈன்று தேறிய பிறகு தனியாக வரட்டும் என்று ஒப்புக்கொண்டார். பணம் வங்கி வழியாக. தடுப்புப் போட்ட வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. வாடகை கூடுதல்தான், பாதியை அவர் ஏற்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். அவர் ஊர்ப் பக்கத்தில் கோமாரி என்று பேச்சு அடிபடுகிறது, அனுப்பலாமா? விற்ற பிறகு இந்தத் தாள்களை எத்தனை காலம் வைத்திருப்பது?

பதில்: மருந்தகத்து வாசல்

கோமாரி என்றால் முதலில் அந்த ஊர் மருந்தகத்தில் விசாரியுங்கள். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நோய்க்காக ஒரு வட்டாரத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்துவிட்டால் அந்த நோய் தொற்றக்கூடிய விலங்குகளை நினைத்தபடி நகர்த்த முடியாது. தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அறிவிப்பு இல்லாவிட்டாலும், பேச்சு உண்மையென்றால் பொறுத்திருங்கள். உங்கள் ஆடுகளுக்கு ஊசி போட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கட்டும். தேதியைச் சீட்டில் எழுதச் சொன்னது இதற்கும்தான். இறங்கிய இடத்தில் ஆடுகளை மூன்று வாரம் பழைய மந்தையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அவர் பண்ணையே புதிது என்பதால் சுலபம்.

தாள்களை நான் எறியச் சொல்ல மாட்டேன். ஆட்டுத் தாளை அந்த ஆடு இருக்கும் வரை வையுங்கள். வரிக் கணக்கோடு சேர்ந்த சீட்டுகள் அதற்கும் மேல் இருக்கட்டும். கன்றின் தாள் மட்டும் வேறு. கிடாரிக் கன்றுக்கு 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்க்கு ஊசி போடுவார்கள். ஆயுளுக்கு ஒரே முறை. போட்ட கிடாரிக்குப் பிற்பாடு இரத்தப் பரிசோதனை செய்தால் சில சமயம் நோய் இருப்பது போலவே காட்டும். அப்போது ஊசிச் சான்றிதழ் ஒன்றுதான் அதைக் காப்பாற்றும். உங்கள் கன்றுக்குப் போட்டாகிவிட்டதா? போட்டிருந்தால் அசலை வாங்குபவரிடம் கொடுத்து நகலை நீங்கள் வையுங்கள். போடவில்லையென்றால் வயதை எழுதுங்கள். அங்கே போய்ப் போடுவதா, இங்கேயே போட்டு அனுப்புவதா என்று சொல்கிறேன்.